மஞ்சள் கோடும் ஒன்பதரை விரலும்

அறுபத்தோரு வயதில் ஒருவர் பரீட்சையில் தோற்பது உலக அதிசயம் இல்லை. பெற்ற மகள் வைத்த பரீட்சையில் தோற்பதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் முப்பத்தைந்து வருடம் மரம் அறுத்தே சோறு தின்ற மனிதர், மரம் அறுக்கும் பரீட்சையில், அதுவும் நாற்பதே விநாடியில் தோற்றுப்போனார் என்றால் அந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

ஒன்பதரைக்கு அதுதான் நடந்தது.

ஒன்பதரை என்பது விரல் கணக்கு. இடது கை ஆள்காட்டி விரலில் பாதிதான் மிச்சம். கூட வேலை பார்த்த தச்சர்கள் வைத்த பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டு, சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதமே அவர் கலைக் கல்லூரியில் முதல் வருடம் சேர்ந்தார். வயது வரம்பு இல்லை என்று கல்லூரி விளம்பரத்தில் இருந்த வரியைக் கத்தரித்து, இரண்டு வருடமாகச் சட்டைப் பையில் வைத்திருந்தாராம். வீட்டம்மாவுக்கு விஷயம் தெரிந்ததே பை வாங்கி வந்த அன்றுதான்.

"ஓய்வெடுங்கன்னு சொன்னா, பையைத் தூக்கிட்டுப் பள்ளிக்கூடம் கிளம்புறீங்களே! தண்ணி பாட்டிலைக் கழுத்துல மாட்டி விடட்டுமா?"

"கேலி பண்ணாதே. இத்தனை வருஷம் கதவு, ஜன்னல், கட்டில்னு செஞ்சாச்சு. எல்லாம் அடுத்தவன் கொடுத்த அளவு. யாருமே கேக்காத ஒண்ணை ஒரே ஒரு தடவை செஞ்சு பாக்கணும்."

"என்ன செய்யப் போறீங்க?"

"துண்டு."

குளித்துவிட்டுக் கொடியில் போடும் துண்டு. காய்ந்ததும் காய்ந்த மாதிரியே மடிப்பு மடிப்பாகத் தொங்குமே, அதை அப்படியே மரத்தில் செய்ய வேண்டும். பார்க்கிறவன் கை தானாக நீண்டு எடுக்கப் போக வேண்டும். முதல் வருடக் கண்காட்சியில் அது தொங்க வேண்டும். ஒன்பதரையின் ஆசை மொத்தமும் இவ்வளவுதான். வீட்டம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதுல துவட்டிக்க முடியாது இல்லே?" என்று கேட்டாள். கலைக்கு நம் வீடுகளில் கிடைக்கிற மரியாதை இது.

மகள் அதே கல்லூரியில் மரப்பட்டறைப் பொறுப்பாளர். கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். அப்பா சேர்ந்த சேதி கேட்டதும் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"அங்கே நீங்க எனக்கு அப்பா இல்லே, நான் உங்களுக்குப் பொண்ணு இல்லே. யாருக்கும் தெரியவும் கூடாது. சலுகை கொடுத்தேன்னு ஒரு பேச்சு வந்தா என் மானம் போயிடும்."

"சரிங்க மேடம்" என்றார் ஒன்பதரை. உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. இவள் யாரிடம் கற்றுக்கொண்டாள் இந்த வேலையை? காதில் பென்சில் செருகுவதுகூட அப்பனைப் பார்த்து வந்த பழக்கம்.

அந்தப் பட்டறையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்பதரை வேலை பார்த்த இடங்களில் உளியைத் தேடவே அரை நாள் போகும். இங்கே சுவர் முழுக்கப் பலகை. ஒவ்வொரு கருவிக்கும் பின்னால் அதே உருவத்தை வண்ணத்தில் வரைந்து வைத்திருந்தாள் மகள். சுத்தியலை எடுத்தால் சுவரில் வெள்ளைச் சுத்தியல் தெரியும். எடுத்தவர் தன் எண் போட்ட டோக்கனை அந்த ஆணியில் மாட்ட வேண்டும். சாயங்காலம் வெள்ளை உருவம் ஒன்று பாக்கி இருந்தாலும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. பன்னிரண்டு மேசைகள், ஆளுக்கு அரை மேசை. பக்கத்து அறை களிமண் அறை, அதற்கடுத்தது அச்சு அறை. மூன்று அறைக்கும் சேர்த்து ஒரே கை கழுவும் தொட்டி. அங்கேதான் கல்லூரியின் அத்தனை காதலும் சண்டையும்.

இயந்திரங்கள் தனி. ஒவ்வொன்றையும் சுற்றித் தரையில் ஒரு மஞ்சள் கோடு. வேலை செய்கிறவர் மட்டும் கோட்டுக்கு உள்ளே. அவரிடம் பேச வேண்டும் என்றால் கோட்டுக்கு வெளியே, அவர் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். பிளேடு நிற்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. இயந்திரத்தைத் தொடப் பச்சை அட்டை வேண்டும். பச்சை அட்டைக்குப் பரீட்சை.

முதல் நாள் அறிமுக வகுப்புக்கு ஒன்பதரை போகவில்லை. 'எனக்கா பாடம்? மீன் குஞ்சுக்கு நீச்சல் சொல்லித் தர வந்துட்டாங்க' என்று தேநீர்க் கடையில் உட்கார்ந்துவிட்டார். நேராகப் பரீட்சைக்குத்தான் வந்தார்.

முதலில் ஒரு படிவம். ஏழு கேள்வி. ஐந்தாவது: 'இதற்கு முன் இயந்திரத்தில் விபத்து நேர்ந்ததுண்டா? காரணம் என்ன?' ஒன்பதரை யோசிக்கவே இல்லை. 'உண்டு. வட்ட ரம்பத்தில் வேலை செய்யும்போது பின்னாலிருந்து குழந்தை கூப்பிட்டதால்' என்று எழுதிக் கொடுத்தார். மகள் படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தாளை இரண்டாக மடித்தாள்.

"நாற்பத்தொண்ணு, வாங்க." அது கல்லூரிச் சேர்க்கையில் அவருடைய வரிசை எண்.

பேண்ட் சா என்கிற நாடா ரம்பத்தின் முன்னால் நின்றார். பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"கண்ணாடி எங்கே?"

"இதோ போட்டிருக்கேனே."

"அது கண்ணுக்கு. நெத்திக்கு இல்லே."

கண்ணாடியைக் கீழே இறக்கினார். பொத்தானை அழுத்தினார். பிளேடு ஓடத் தொடங்கியதும் கை தன் போக்கில் போய், பிளேடை மூடியிருந்த காப்பைச் சர்ரென்று மேலே ஏற்றிவிட்டது. காப்பு கீழே இருந்தால் வெட்டும் இடம் தெரியாது. முப்பத்தைந்து வருடமாக அவர் கை அப்படித்தான் செய்து வந்திருக்கிறது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்?

மகள் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். பிளேடு நின்றது. நிற்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் பேசினாள்.

"தோல்வி. நாற்பத்திரண்டு, வாங்க."

"என்னம்..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டார். "என்ன மேடம், ஒரு வெட்டுகூட வெட்டலையே!"

"அதனாலதான் இன்னும் ஒன்பதரை விரல் இருக்கு. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி எழுதலாம்."

பட்டறையே சிரித்தது. அன்று வீட்டுக்கு வந்து அவர் போட்ட கூச்சல் இரண்டு தெரு தள்ளியும் கேட்டிருக்கும். வீட்டம்மா வெங்காயம் உரித்தபடி, "வளர்த்த கடா மார்பில பாயுதா? நல்லா பாயட்டும்" என்றாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டாள்.

கண்காட்சிக்கு அப்போது ஐந்து வாரம் இருந்தது. இரண்டு வாரத்தில் மறுபரீட்சை, மூன்று வாரத்தில் துண்டை அறுத்து முடித்துவிடலாம். அதுவரை ஒன்பதரை சும்மா இருக்கவில்லை. பலகைகளை ஒட்டிக் கட்டையாக்கினார். மடிப்பு விழும் வளைவுகளைப் பென்சிலால் வரைந்தார். தன்னுடைய துண்டையே கொண்டு வந்து மேசைக்கு மேலே கம்பியில் தொங்கவிட்டு, நாளெல்லாம் அதையே முறைத்துப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதர் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

மேசையின் மறுபாதி ஒரு சுருட்டைமுடிப் பெண்ணுடையது. பத்தொன்பது வயது, ஓயாத வாய். மரத்தில் பறவைக் கூடு மாதிரி எதையோ செய்துகொண்டிருந்தாள். பறவை வராது என்பது அவளுக்கே தெரியும். ஒரு மத்தியானம் அவள்தான் கேட்டாள்.

"அங்கிள், விரல் எப்படிப் போச்சு?"

அது ஒன்பதரைக்குப் பிடித்த கதை. இருபத்தாறு வருடமாகச் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை. "என் பொண்ணுக்கு அப்ப ஏழு வயசு. எனக்குச் சாப்பாடு எடுத்துட்டு வந்தா. வாசல்ல நின்னு 'அப்பா!'ன்னா பாரு, என்ன குரல்! மயங்கிப் போய்த் திரும்பினேன். பாதி விரல் போச்சு. போனா போகுது, அந்தக் குரலுக்கு முழு விரலே கொடுக்கலாம்!"

எப்போதும் இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். சுருட்டைமுடி சிரிக்கவில்லை.

"அட, அக்கா சொல்ற கதை மாதிரியே இருக்கே."

"எந்த அக்கா?"

"நம்ம பட்டறை அக்காதான். முதல் நாள் வகுப்புல சொன்னாங்களே, நீங்க வரலையா? 'ஒரு சின்னப் பொண்ணு பின்னாலிருந்து கூப்பிட்டா. அதனால ஒருத்தருக்கு விரல் போச்சு. அந்தப் பொண்ணு இன்னிக்கு வரைக்கும் நிம்மதியா தூங்கலே. உங்கள்ல யாரும் அந்தப் பொண்ணா ஆகிடக் கூடாது. அதுக்குத்தான் இந்தக் கோடு'ன்னு சொன்னாங்க. கோடு எல்லாம் அவங்களே மண்டி போட்டு வரைஞ்சதாம். ஒவ்வொரு வருஷமும் புதுசா பெயிண்ட் அடிப்பாங்களாம்."

ஒன்பதரை பென்சிலைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் மறுபடி வைத்தார்.

ஏனென்றால், அந்தக் கதை பொய்.

இனி மறைப்பானேன். அன்று அவர் வட்ட ரம்பத்தில் காப்பே இல்லை. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஒரு வாரம் முன்பே ஸ்பேனர் வைத்து அவரே கழற்றி மூலையில் போட்டிருந்தார். மறுபடி கழற்றினால் வேலையை விட்டு அனுப்பிவிடுவேன் என்று முதலாளி ஏற்கெனவே எச்சரித்திருந்தார். விரல் போனது அதனால்தான். ரம்பத்தின் இரைச்சலில் அவர் காதில் எந்தக் குரலும் விழவில்லை. வலியில் சுழன்று திரும்பியபோதுதான் வாசலில் டிபன் டப்பாவோடு பிள்ளை நிற்பதைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் முதலாளி வந்து, "எப்படிய்யா ஆச்சு?" என்று கேட்டபோது, கட்டில் ஓரத்தில் நின்ற பிள்ளை தேம்பித் தேம்பி, "நான் அப்பான்னு கூப்பிட்டேன், அதான்" என்றது. முதலாளி அதன் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார். ஒன்பதரை வாயைத் திறக்கவில்லை. வேலை தப்பியது. முதலாளி கண்ணில் படும் முன், மறுநாளே ஒன்பதரை ஆளனுப்பிக் காப்பைத் திரும்ப மாட்டச் சொல்லிவிட்டார்.

அப்புறம் அது வேடிக்கைக் கதையாகிவிட்டது. செல்லமாகத்தான் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரிக்காமல் ஒரு பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது அவர் கண்ணில் படவே இல்லை. படுபாவி மனுஷன்!

ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்கு வந்தாள். ஒன்பதரை பின்கட்டில் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பழைய கட்டை ஒன்றுக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார். செருப்புச் சத்தம் கேட்டது. கதவுவரை வந்து நின்றது. அவர் திரும்பவில்லை. கூப்பிடுகிறாளா பார்ப்போம் என்று காத்திருந்தார். செருப்புச் சத்தம் திரும்பிப் போனது. வாசல் வழியாக இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு, பக்கத்துச் சந்து வழியாக வந்து, அவருக்கு எதிரே நின்றாள் மகள்.

"சாப்பிட வாங்க, அம்மா கூப்பிடுறாங்க."

அவள் உள்ளே போன பிறகு வீட்டம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். "இவ எப்பவுமே இப்படிச் சுத்திதான் வருவாளா?"

"இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதா உங்களுக்கு? சின்ன வயசிலேருந்து அப்படித்தானே. முன்னாடி வந்து நிக்காம உங்ககிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டா. மரியாதைன்னு நெனச்சேன்."

அன்று ஒன்பதரைக்குச் சோறு இறங்கவில்லை. உப்பு கூடிப்போச்சு என்று சொல்லி எழுந்துவிட்டார். வீட்டம்மா விடுவாளா? உப்பு எவ்வளவு போட்டேன் என்று சாயங்காலம்வரை கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுபரீட்சை நாள் வந்தது. அதே படிவம். அதே ஐந்தாவது கேள்வி. படிவத்தின் அடியில் தடித்த எழுத்தில் ஒரு விதி. போன தடவை அவர் அதைப் படிக்கவே இல்லை. 'இயந்திரக் காப்பைத் தானே கழற்றி விபத்துக்குள்ளானவர், வாரம் ஒன்றாக ஆறு பாதுகாப்பு வகுப்புகளையும் முடித்த பிறகே பச்சை அட்டை பெறுவார்.'

ஆறு வாரம். கண்காட்சிக்கு இருப்பதோ மூன்று வாரம்.

ஒன்பதரை நிமிர்ந்து தன் மேசையைப் பார்த்தார். ஒட்டிய கட்டை தயாராகக் கிடந்தது. வளைவுக் கோடுகள் தெளிவாக இருந்தன. காப்பு மேல் கை போகாமலிருக்க வீட்டில் பதினைந்து நாள் கண்ணை மூடி ஒத்திகை பார்த்திருக்கிறார். இன்று கட்டாயம் தேறிவிடுவார். பழைய பதிலையே எழுதினால் போதும். துண்டு கண்காட்சியில் தொங்கும். உண்மையை எழுதினால் துண்டு போச்சு. நாளைக்கு வீட்டில் தனியாக அவளிடம் சொல்லிக்கொள்ளலாமே என்று மனசு நைசாக ஒரு வழி காட்டியது. இருபத்தாறு வருடமாக இப்படி எத்தனை 'நாளைக்கு' வந்து போயின என்று அவருக்கே தெரியும்.

பென்சிலை எடுத்து எழுதினார். கதவு ஜன்னல் அளவு எழுதிப் பழகிய கை. நேராக, சுருக்கமாக எழுதியது.

'உண்டு. காப்பை நானே கழற்றி வைத்திருந்தேன். குழந்தை கூப்பிட்டது என் காதில் விழவே இல்லை. விரல் போன பிறகுதான் திரும்பினேன். முதலாளிக்குப் பயந்து குழந்தை சொன்னதை மறுக்காமல் இருந்துவிட்டேன். பிறகும் சொல்லவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. குழந்தை மேல் ஒரு துளியும் இல்லை.'

கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

மகள் படித்தாள். ஐந்தாவது பதிலுக்கு வந்ததும் நின்றாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். காதிலிருந்த பென்சில் கீழே விழுந்து உருண்டு மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போனது, எடுக்கவில்லை. "ஒரு நிமிஷம்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுக் கருவி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒரு நிமிஷம் பத்து நிமிஷமானது. "அக்காவுக்கு என்ன ஆச்சு?" என்று சுருட்டைமுடி கிசுகிசுத்தாள். ஒன்பதரை சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கதவு திறந்தது. முகம் கழுவியிருந்தாள். கண் சிவந்திருந்தது. நேராக மேசைக்கு வந்து முத்திரையை எடுத்துப் படிவத்தில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள்.

"தேர்ச்சி இல்லை. ஆறு வகுப்பு. வெள்ளிக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு முதல் வகுப்பு. தேநீர்க் கடையில உக்காந்திடாதீங்க."

"சரிங்க மேடம்."

"கோபமா?" முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"விதி விதிதானே. பேண்ட் சா இல்லேன்னா என்ன, கை ரம்பம் இருக்கு. துண்டு செய்ய நேரமில்லே. கைக்குட்டை செஞ்சுட்டுப் போறேன். அதுவும் கொடியில தொங்குற சாமான்தான்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். அதற்கு மேல் அங்கே நிற்க ஒன்பதரையால் முடியவில்லை. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்து, ஒவ்வோர் இயந்திரமாக நின்று, பட்டறை அடங்கிக்கொண்டிருந்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டி, வாசலைப் பார்த்து நடந்தார். துண்டு போனதில் வருத்தம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் இருபத்தாறு வருடமாகச் செருப்பில் கிடந்த கல்லை எடுத்துப் போட்டவர் மாதிரிதான் நடந்தார். கைக்குட்டைக்கு எத்தனை மடிப்பு வைக்கலாம் என்றுகூட மனசு கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. சாப்பாட்டு ஞாபகமே இல்லை.

வாசலில் கால் வைக்கப் போனார்.

"அப்பா!"

பின்னாலிருந்து வந்தது குரல். பட்டறை முழுக்க எதிரொலித்தது. களிமண் அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். சுருட்டைமுடியின் வாய் திறந்தது. முதல் தடவையாக அதிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

"அப்பா! டிபன் டப்பாவை விட்டுட்டுப் போறீங்களே!"

மஞ்சள் கோடுகளுக்கு நடுவில், டப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே சிரித்தபடி நின்றாள் மகள்.

ஒன்பதரை திரும்பினார். விரல் அத்தனையும் அப்படியே இருந்தது.